எழுநூற்றைம்பது வாட்ஸ்

ஜூன் 9, திங்கள்

காலையில் முதல் வேலையாக அவருடைய மூக்கிலிருந்து மாஸ்க்கைக் கழற்றினேன். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, கொடியில் கிளிப் மாட்டி நிழலில் காயப்போட்டேன். மாஸ்க் அழுத்திய கோடு மூக்கின் மேல் சிவந்து கிடந்தது. ராத்திரி பூராவும் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கிறது என்றார். வேறு யார் கேட்டாலும் அது வெறும் முனகல்தான். எனக்கு மட்டும் சொல் சொல்லாகப் புரிகிறது. மகள் மதிக்குப் பாதி புரியும்.

சனிக்கிழமை மதுரைக்குப் போய் வந்ததை நேற்றே எழுத நினைத்தேன், முடியவில்லை. டாக்டர் அவரை ஊதச் சொன்னார். மூச்சின் பலம் மார்ச் மாதத்தில் ஐம்பத்திரண்டு சதவீதம். இப்போது முப்பத்தெட்டு. கை கால்களை எடுத்துக்கொண்ட நரம்பு நோய் மூச்சுத் தசைக்கு வந்துவிட்டது. இன்னும் சில மாதங்களுக்குத்தான் இந்த மாஸ்க்கும் மூச்சு மிஷினும் போதும். அதற்குப் பிறகு கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து வென்டிலேட்டரில் மாட்ட வேண்டும். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் அது ஓட வேண்டும். ஒரு தடவை வைத்துவிட்டால் எடுப்பது கஷ்டம், அதனால் வேண்டுமா வேண்டாமா என்பதை நெருக்கடி வருவதற்கு முன்பே முடிவு செய்து அடுத்த முறை சொல்லுங்கள் என்றார். அடுத்த முறை என்பது ஜூலை 17.

டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் ஏதோ சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.

திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு பேசியது ஒரே விஷயம். எஸ்.எம்.பி.எஸ். எது வாங்குவது?

ஜூன் 11, புதன்

கம்ப்யூட்டரைப் பற்றி எழுதிவிடுகிறேன். அவருக்கு இப்போது அசைவது வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், கழுத்து கொஞ்சம். அந்த இரண்டு விரலால் ஒரு சின்ன குச்சியை நகர்த்தி லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று ஆடுகிறார். ஐரோப்பாவில் ஏதோ ஊரில் சரக்கு ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும். பழைய லேப்டாப் ஒவ்வொரு வளைவிலும் நின்றுவிடும். அதனால் கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் கட்டலாம் என்று மே விடுமுறையில் மதியும் அவரும் திட்டம் போட்டார்கள். போர்டு, பிராசசர், இரண்டு விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வந்து பீரோ மேல் அட்டைப்பெட்டிகளாக இருக்கின்றன. பாக்கி எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான். சுவரிலிருந்து கரண்டை வாங்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவில் பிரித்துக் கொடுக்கும் பெட்டி.

மற்ற எல்லாவற்றையும் மதியின் விருப்பத்துக்கு விட்டவர் இதை மட்டும் விடவில்லை. இருபத்துநான்கு வருடம் நூல் மில்லில் எலெக்ட்ரிக்கல் என்ஜினியராக இருந்தவர். மோட்டார் தானாக எரிவதில்லை, சப்ளைதான் எரிக்கும் என்பது அவர் வாயில் நான் ஆயிரம் தடவை கேட்டது. நான் போனை அவர் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். அவர் படிப்பார். மேலே, கீழே என்று சொல்வார். தள்ள வேண்டும். இரண்டு வாரமாக ஐந்து மாடல்களுக்கு நடுவே சுற்றுகிறார். இன்று என் தோள் வலித்தது. போனை வேறு கைக்கு மாற்றிக்கொண்டே, என்னைப் பெண் பார்க்க வந்தபோது எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பத்து நிமிசம்," என்றார். "அதுக்கு வாரன்டி எல்லாம் பாக்கல."

கடைசியில் முடிவாகிவிட்டது. எழுநூற்றைம்பது வாட்ஸ், பத்து வருட வாரன்டி. பத்து வருடம் என்று சத்தமாகப் படித்தது நான்தான். படித்துவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மாவு அரைத்தேன். காற்று மெத்தையில் ஒரு இடத்தில் காற்று இறங்குகிறது. டியூப் ஒட்டுகிறவர் ஒட்டிக் கொடுத்தார்.

ஜூன் 14, சனி

சிவகாசியிலிருந்து பெரியத்தான் வந்தார். இவருடைய அண்ணன், சங்கரபாண்டியன். இவருக்கு நோய் வந்ததிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் மட்டும் பேசுகிறார், அதுவும் சத்தமாக. காது கேட்காதவர் வீட்டில் பேசுகிற மாதிரி.

வென்டிலேட்டர் விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். விருதுநகரில் தெரிந்தவர் ஒருவரின் அப்பா நான்கு வருடம் அப்படி இருந்தாராம். மிஷினுக்கு ஏற்பாடு செய்வது தன் பொறுப்பு என்றார். நானும் அதைத்தான் நினைக்கிறேன் என்று சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, தெரியும்.

பிறகு பெரியத்தான் பீரோ மேல் இருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டார். "இந்த நேரத்துல இவன் லாரி ஓட்டப் போறானாக்கும்," என்றார்.

இவர் கண்ணைத் திறந்து சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "'அண்ணாச்சி, லைசென்ஸ் இல்லாம இருவது வருசம் ஸ்கூட்டர் ஓட்டுன ஆளு நீங்க. என்ட்ட லைசென்ஸ் இருக்கு'ங்காங்க."

பெரியத்தான் சிரித்தார். சிரித்தபடியே வெளியே போய், பைப்படியில் வெகுநேரம் முகம் கழுவினார். இவர் சொன்னதில் ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது. அதை நான் விட்டுவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட் இல்லை. முன்பே பேப்பரில் போட்டிருந்தார்கள். எட்டு மணிக்கே துவையல் அரைத்து, டேங்க்கில் தண்ணீர் ஏற்றிவிட்டேன். இப்போதெல்லாம் மத்தியானமும் அவருக்கு இரண்டு மணி நேரம் மூச்சு மிஷின் வேண்டியிருக்கிறது.

இன்வெர்ட்டரில் ஓடியவை: மூச்சு மிஷின், காற்று மெத்தையின் பம்ப், ஒரு ஃபேன். பன்னிரண்டு மணிக்கு, பேட்டரி அளவு காட்டும் நான்கு கோடுகளில் ஒன்று போனது. இரண்டரைக்கு இன்னொன்று. சளி உறிஞ்சும் மிஷினை ஒரு தடவை போட்டபோது இன்வெர்ட்டர் ஒரு மாதிரி உறுமியது.  நான்கு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியால் வீசினேன். ஃபேனைப் போடு, இன்னும் மூன்று மணி நேரம் தாங்கும் என்றார் அவர். போடவில்லை.

சென்ற வாரம் மதுரையில் வென்டிலேட்டர் கொடுக்கும் ஏஜென்ட்டிடம் போனில் பேசினேன். அதோடு ஈரப்பதம் கொடுக்கும் கருவி, பெரிய சளி மிஷின் எல்லாம் சேரும். அதிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் அது எத்தனை வாட்ஸ் என்றுதான் கண் போகிறது. மிக்ஸியின் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன். இதற்கு நடுவில் எழுநூற்றைம்பது வாட்ஸில் ஒரு விளையாட்டுப் பெட்டி. அவர் கட்டில் பக்கத்தில் உள்ள பிளக் பாயின்ட் எல்லாம் இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது. அவர் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

ஜூன் 19, வியாழன்

பக்கத்து வீட்டு மல்லிகாவை உட்கார வைத்துவிட்டு ஜெயராணியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என்னிடம் பிளஸ் டூவில் தாவரவியல் படித்தவள். இப்போது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தக் கடை, நான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஸார் அனுப்பிய மாடலை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அது வேண்டாம், இருப்பதிலேயே குறைந்த வாட்ஸ் எது என்று கேட்டேன். நானூற்றைம்பதில் ஒன்று காட்டினாள். இந்தக் கார்டுக்கு இது இறுக்கம், அறுநூற்றைம்பதாவது போட வேண்டும் என்றாள். இன்வெர்ட்டர் தாங்காது என்றேன்.

"அப்படி இல்ல மிஸ், அந்த வாட்ஸ்ங்கிறது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

எனக்குத் தெரியும், இதையே போடு என்றேன். பிள்ளைகளை முழுதாகப் பேச விடாத பழக்கம் எனக்கு உண்டு. இவரைப் பார்த்துக்கொள்ள ஸ்கூலில் நீண்ட லீவு போட்டும் அது போகவில்லை.

கடையிலேயே எல்லாவற்றையும் மாட்டி மூடிக் கொடுக்கச் சொன்னேன். பெட்டிக்குள்ளே அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை மறைத்துத் தனியாக ஒரு தகடு வருகிறது, வெளியே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், சொன்ன மாடல்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

கம்ப்யூட்டர் வந்தது. ஜெயராணியே வந்து கட்டிலுக்கு எதிரே டேபிளில் வைத்து இணைத்துக் கொடுத்தாள். ஒயர் மாட்ட டேபிளின் பின்பக்கம் போய் வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சாயங்காலம் முழுக்க ஓட்டினார். திரை தெளிவாக இருந்தது. பனி பெய்யும் சாலை, இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம். வேறு எதற்கும் உயராத அந்தக் கட்டைவிரல் குச்சியின் மேல் மட்டும் லேசாக நின்றது. நான் கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தேன். வளைவு வந்தால் வாயைத் திறக்க மாட்டார், நேர்ச்சாலை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது யாரும் இல்லாத பாதசாரிக் கோட்டில் லாரியை நிறுத்தினார். யாருக்காக நிறுத்துகிறீர்கள் என்றேன். பழக்கம் என்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்று அவருக்குக் காலும் கையும் இருந்த மாதிரி எனக்கு இருந்தது. நானும் நாற்காலியில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 28, சனி

மதி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருடம். பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஏன் எல்லாம் குறைத்து வைத்திருக்கிறது, இந்தக் கார்டுக்கு இன்னும் எவ்வளவோ வரும் என்று சொல்லி எதையெல்லாமோ ஏற்றினாள். பனி இன்னும் பனியாகத் தெரிந்தது. அவருக்கு மலைச்சாலையில் ஒரு நீண்ட பயணம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாளாக அதைத்தான் ஓட்ட ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பாதி மலை ஏறியதும் பட்டென்று திரை இருண்டது. மீண்டும் போட்டார்கள். பத்து நிமிடத்தில் மீண்டும் இருட்டு. மூன்றாவது தடவையும் அதே இடத்துக்குச் சற்று மேலே. மதி கேபிள்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எத்தன வாட்ஸ்?"

சொன்னேன்.

மதி என்னவென்று கேட்டாள். காபி போட்டுக்கொண்டு வா என்றார் அவளிடம். அதற்குப் பிறகு மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். எழுநூற்றைம்பது என்று எழுதியிருந்தால் அது எப்போதும் எழுநூற்றைம்பதை இழுக்காது. அவ்வளவு வரை கொடுக்க முடியும் என்றுதான் அர்த்தம். உள்ளே இருப்பவை முந்நூறு கேட்டால் முந்நூறுதான் இழுக்கும், சின்னப் பெட்டியானாலும் பெரிய பெட்டியானாலும். சின்னது திடீர்ச் சுமை வந்தால் அணைந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். இன்வெர்ட்டரில் நான் மிச்சம் பிடித்தது எதுவுமே இல்லை.

மில் என்ஜினியரோடு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவளுக்கு இது தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஜெயராணியும் சொல்லத்தான் வந்தாள்.

"யாருக்கு மிச்சம் புடிச்ச?" என்றார்.

"வென்டிலேட்டருக்கு."

மதுரையிலிருந்து வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்குள் அந்த வார்த்தையை நான் சொன்னது இதுதான் முதல் தடவை. மதி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் மதியை நோட்டு எடுக்கச் சொன்னார். மில்லில் ஒரு புது மிஷின் வரப்போகிறது என்றால் முதலில் லோடு லிஸ்ட் எழுதுவார்கள். எந்தெந்தக் கருவி, எத்தனை வாட்ஸ், எவ்வளவு நேரம் ஓடும், நிரந்தரமா தற்காலிகமா, பின்னால் சேரப்போவது என்ன. அதை எழுதாமல் ஒரு ஒயர்கூட இழுக்க மாட்டார். வீட்டுக்கும் அப்படி ஒன்று எழுதிவிடுவோம், உங்கம்மா பயம் தீரட்டும் என்றாராம். அவள் புரியாத இடங்களில் என்னைக் கூப்பிட்டாள். நான் குளிப்பாட்டும் வாளியோடு போவதும் வருவதுமாக இருந்ததால் முழுதும் கேட்கவில்லை.

மதி ஐந்து மணி பஸ்ஸுக்குப் போன பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் கையெழுத்து, கட்டட வரைபடத்தில் எழுதுகிற மாதிரி அச்சாக.

நிரந்தரம் என்ற பத்தியில் ஃபிரிட்ஜ், ஃபேன்கள், விளக்குகள், கம்ப்யூட்டர். தற்காலிகம் என்ற பத்தியில் மூச்சு மிஷின், சளி மிஷின், காற்று மெத்தை பம்ப். பின்னால் சேரப்போவது: முன்னறைக்கு ஏ.சி., அரசி, அதாவது நான், திரும்ப ஸ்கூலுக்குப் போகும்போது பாடம் தயார் செய்ய டேபிள் விளக்கு, மதிக்கு இரண்டாவது திரை. கூட்டிப்போட்டு, இன்வெர்ட்டர் இருப்பதே போதும், மாற்ற வேண்டாம் என்று அடிக்கோடு.

வென்டிலேட்டர் எந்தப் பத்தியிலும் இல்லை.

மறந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். அவர் எழுதிய லோடு லிஸ்டில் ஒரு குண்டு பல்பு விட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் ஏன் நிரந்தரம் என்று மட்டும் கேட்டேன். மதிக்கு நான்காம் வருடத்திலிருந்து கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைய வேண்டியிருக்கும், அதற்கு இதே கார்டு, இதே எஸ்.எம்.பி.எஸ். வேண்டும், வேலைக்குப் போனாலும் உதவும் என்றார். பத்து வருடம் வரும்.

அவள் போகும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆகவே அவளுக்கும் தெரியும். எழுதியதே அவள்தானே.

ஜூலை 2, புதன்

கோபம் ஒன்றும் இல்லை. வேலை அதிகம், அதனால் பேசவில்லை. சாப்பாடு, மருந்து, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நேரத்துக்கு நடந்தது. குக்கர் மூடி கீழே விழுந்து கைப்பிடி உடைந்தது. விழுந்தது என்றுதான் மல்லிகாவிடம் சொன்னேன்.

பெரியத்தான் போன் செய்தார். நல்ல நிலையில் ஒரு வென்டிலேட்டர் வந்திருக்கிறதாம். பிடித்து வையுங்கள் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

ஜெயராணி கடையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினேன். பழையதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போயிருந்தேன்.

"விடுங்க மிஸ். நீங்க எனக்கு எழுவத்தெட்டு போட்டீங்க, நான் எம்பத்தேழுக்கு எழுதியிருந்தேன். அப்பவும் கேக்க விடல," என்றாள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, பிறகு அவளும் சிரித்தாள்.

புதியதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம். பிறந்த குழந்தையின் எடை இருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் அந்த மலைச்சாலையை எடுத்தார். விரல் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. ஸ்டியரிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன், பிரேக்கை நீ போடு என்றார். ஒரு பட்டனை அழுத்தினால் பிரேக். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். முதலில் எல்லா இடத்திலும் அழுத்தினேன். இப்படி ஓட்டினால் சரக்கு தீபாவளிக்குத்தான் போய்ச் சேரும் என்றார். அவர் சொல்கிறபோது மட்டும் அழுத்தப் பழகினேன். திரை இருளவில்லை. உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கி, ஒரு ஏரிக்கரையில் லாரியை ஓரங்கட்டினோம்.

நிறுத்திய பிறகு சொன்னார்.

"குழாய் வேண்டாம் அரசி."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது.

இந்த விரலும் போய்விடும் என்றார். பிறகு கண் மட்டும் இருக்கும். அப்போதும் மிஷின் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அது எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. நான் அதன் பக்கத்தில் காவல் இருப்பேன், கரண்ட் போனால் ஓடுவேன். இந்த ஒரு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம். ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியதையும், மிக்ஸியைத் திருப்பிப் பார்த்ததையும்.

"உன்ன லைன்மேன் ஆக்கிட்டேன்," என்றார்.

நான் கேட்டேனா, எனக்குக் கஷ்டம் என்று யாரிடமாவது சொன்னேனா என்று கேட்டேன். மதிக்கு அப்பா வேண்டாமா என்றேன். மதியிடம் பேசிவிட்டேன் என்றார். எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது. எல்லாரிடமும் பேசிவிட்டுக் கடைசியில் என்னிடம்.

"ஒன்ட்டதான் மொதல்ல சொன்னேன். மதுரைல," என்றார்.

பதினேழாம் தேதி டாக்டரிடம் மீண்டும் சொல்வாராம். டாக்டருக்குப் புரியாது. அண்ணாச்சியும் அறையில் இருப்பார், அவருக்கும் புரியாது. நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் எழுதி, தாளில் எடுத்துக்கொண்டு போகலாமே என்றேன், அந்த வேலையாவது என் வாயைவிட்டுப் போகட்டும் என்று.

"தாள அண்ணாச்சி கிழிச்சிருவாரு. நீ சொன்னா நிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதையும் மாத்தி வாங்கிட்டு வந்துறாத."

எழுந்து சமையலறைக்குப் போனேன். மத்தியானத்துக்குப் புடலங்காய்க் கூட்டு. சாதத்தைக் குழைய மசித்தும் விழுங்க நாற்பது நிமிடம் ஆனது.

ஜூலை 9, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

ஜூன் 7 அன்று டாக்டர் கேட்டபோது அவர் சொன்னது "வேண்டாம் ஸார், போதும்" என்பதுதான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் யோசித்துச் சொல்கிறோம் என்றேன். பொய்யாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவருடைய வாயாக இரண்டு வருடம் இருந்துவிட்டேன். கெட்ட வார்த்தையை எடுத்துவிடுவேன், பெரியவர்களிடம் ஒரு 'ங்க' சேர்ப்பேன், நர்ஸிடம் அவர் எரிச்சலாகச் சொன்னதைத் தணித்துச் சொல்வேன். அப்படித்தான் இதையும் செய்தேன். அவர் என்னை அறையிலேயே மறுத்திருக்கலாம், தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. திரும்பும் வழியில் கிருஷ்ணன்கோவில் வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ். பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அதிலும் நான் மாற்றினேன்.

ஜூலை 12, சனி

பெரியத்தான் பேசினார். பதினேழாம் தேதிக்குக் கார் சொல்லிவிட்டாராம், காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார். வென்டிலேட்டர்காரர் அன்றைக்குள் பதில் கேட்கிறார் என்றார். டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்றேன்.

"நீ தைரியமா இரும்மா. அவன் என்ன சொன்னாலும் நீ டாக்டர்ட்ட மிஷினுக்குச் சரின்னு சொல்லிரு. அவன் சொல்றது அங்க யாருக்குப் புரியப்போவுது," என்றார். அன்பாகத்தான் சொன்னார். சின்ன வயதில் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். போனை வைத்த பிறகும் அவர் சொன்னது காதிலேயே இருந்தது. உண்மைதான், அங்கே யாருக்கும் புரியப்போவதில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்று விரல் இருபது நிமிடம்தான் ஓட்டியது. பாக்கித் தூரத்தை என்னை ஓட்டச் சொன்னார். ஒரு பெட்ரோல் பங்கில் மோதினேன். அவர் சிரித்ததில் சளி ஏறிக்கொண்டு, மிஷின் போட்டு எடுக்க வேண்டியதாகிவிட்டது. எடுத்து முடித்ததும் மீண்டும் சிரித்தார்.

ஜூலை 16, புதன்

நாளைக்கு மதுரை. ஃபைல், ஸ்கேன்கள், மாற்றுத் துணி, டயபர், கஞ்சி ஃபிளாஸ்க், மூச்சு மிஷினுக்குக் காரில் செருகும் ஒயர் எல்லாம் பையில் வைத்துவிட்டேன். மதி கல்லூரியில் லீவு சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்.

சாயங்காலம் அவருக்குச் சவரம் செய்தேன். தாடைக்குக் கீழே, குழாய் வைக்கும் இடம் என்று டாக்டர் விரலால் தொட்டுக் காட்டிய பள்ளத்தில் கத்தியை ஓட்டும்போது அவர் விழுங்கினார். கத்தியை எடுத்துக் காத்திருந்து மீண்டும் வைத்தேன். நாளைக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. துண்டால் துடைத்துக் கண்ணாடியைக் காட்டினேன். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறதா என்றார். மாப்பிள்ளைக்கு அண்ணன் மாதிரி என்றேன்.

இப்போது அவர் அசந்திருக்கிறார். சமையலறை மேடையில் வைத்து எழுதுகிறேன்.

நாளை அவர் சொல்வதை அப்படியே சொல்லப்போகிறேன். பெரியத்தான் பக்கத்தில் நின்று சத்தம் போட்டாலும், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அவர் நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்தி. டாக்டர் அவர் பேசுவதைக் கேட்டு முடித்த பிறகு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அம்மா என்று என்னைக் கேட்பார். எல்லா டாக்டரும் கேட்பார்கள். எனக்கு இவர் வேண்டும், எப்படியாவது வேண்டும் என்று அதையும் சொல்வேன். மறைக்க மாட்டேன். ஆனால் அவருடையதை முதலில் சொல்வேன், கையெழுத்தும் அவருடைய சொல்லுக்குத்தான் போடுவேன்.

மதிக்கும் பெரியத்தானுக்கும் இது தெரியாது. அவரிடமும் இன்னும் சொல்லவில்லை.